பகீத்தாவின் நூறு ரூபாய்

தம்பி,

நீ கேட்ட படத்தை நான் இன்னும் அனுப்பவில்லை. முதலில் ஸ்கேனர் பழுது என்றேன். பிறகு ஆபீஸில் ஆடிட் நடக்கிறது, நேரமில்லை என்றேன். இரண்டும் பொய். அந்த நோட்டு இப்போது என்னிடம் இல்லை. எங்கே போனது, ஏன் போனது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வாய்ஸ் மெசேஜாகச் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை பேசி மூன்றையும் அழித்தேன். பேச ஆரம்பித்ததும் அழுதுவிடுகிறேன். அதைக் கேட்டால் நீ "விடும்மா, பரவால்ல" என்பாய், விஷயம் என்னவென்று தெரியாமலே சொல்வாய். அப்படி ஒரு ஆறுதல் எனக்கு வேண்டாம். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் உன்னைப் பிடித்து உட்காரவைத்து நான் சொல்லிக்கொடுத்த தமிழ்தானே. மெதுவாகவே படி. ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் கடைசி வரி வரை படித்துவிடு.

ரிசப்ஷனில் பெரிய திரை வைத்து நம் குடும்பப் படங்களைக் காட்டப்போவதாகவும், அதில் அந்த நோட்டுக்கென்று தனியாக ஒரு நிமிடம் ஒதுக்கியிருப்பதாகவும் சொன்னாய். நீ சொல்லப்போகும் கதை எனக்கு மனப்பாடம். ஷார்ஜாவில் ஊருக்குப் பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் கவுண்டரில் உட்கார்ந்திருந்த என் அம்மா, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கெல்லாம் முகம் சுளிக்காமல் ஃபார்ம் எழுதிக்கொடுப்பார். அதைப் பார்த்து மனம் நெகிழ்ந்த ஒரு வயதான அரபு அம்மாள், தன் கடைசிக் காலத்தில், அதுவரை பத்திரமாக வைத்திருந்த அபூர்வமான நூறு ரூபாய் நோட்டை அம்மாவுக்குப் பரிசாகக் கொடுத்தார். இதைப் பெண் பார்க்கப் போன அன்றே நீ சொன்னாய். நிவேதாவின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து, "இப்படிப்பட்ட எடத்துக்குத்தான் எம் பொண்ணு போகணும்னு நெனச்சேன்" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அந்தக் கதை நடந்ததுதான். ஆனால் அது எனக்கு நடக்கவில்லை.

முதலில் இருந்து சொல்கிறேன். நீ யூகேஜி சேர்ந்த வருடம் நான் ஷார்ஜா ரோலாவில் அந்த எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒருநாள் ஒரு அரபுப் பெரியவர் தன் தகப்பனாரின் பெட்டியிலிருந்து எடுத்ததாக ஒரு கட்டுப் பழைய நோட்டைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். பார்த்தால் நம் ஊர் ஐந்து ரூபாய். ஆனால் ஆரஞ்சு நிறம். நம்பருக்கு முன்னால் இசட் என்று ஒரு எழுத்து. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேனேஜர் "செல்லாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். பெரியவர் சிரித்துக்கொண்டே ஒரு தாளை மட்டும் உருவி என்னிடம் கொடுத்துவிட்டு, "உங்க நாட்டுப் பணம், நீயே வச்சுக்க" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்: இந்த நாடு பிறப்பதற்கு முன்னால் இங்கே கடைத்தெருவில் புழங்கியது நம் ரூபாய்தான். வளைகுடாவுக்கென்றே தனி நிறத்தில், தனி எழுத்துப் போட்டு, சில வருடங்கள் இந்தியாவில் அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். அப்புறம் அதை நிறுத்திவிட்டார்கள். மாற்றாமல் விட்டவர்களின் பெட்டிகளில் மட்டும் சில தாள்கள் தங்கிவிட்டன. அந்த ஆரஞ்சுத் தாளை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன் தெரியுமா? என் ஊர்ப் பணம் எனக்கு முன்னாலேயே இங்கே வந்து இருந்திருக்கிறது என்ற சந்தோஷம் எனக்கு.

அதிலிருந்து பிடித்த பைத்தியம்தான். பழைய புத்தகக் கடையில் நோட்டுகளின் விலைப்பட்டியல் புத்தகம் வாங்கினேன், லென்ஸ் வாங்கினேன், பிளாஸ்டிக் உறை போட்ட ஆல்பம் வாங்கினேன். வெள்ளிக்கிழமைகளில் துபாய் அல் குசைஸில் ஒரு கஃபட்டீரியாவின் மாடியில் நோட்டு சேர்ப்பவர்கள் கூடுவோம். பத்துப் பன்னிரண்டு ஆண்கள், நான் ஒருத்தி பெண். அங்கேதான் குரியன் சார் பழக்கம். டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர், கோட்டயத்துக்காரர். அவர் சேர்ப்பது வளைகுடா நோட்டு இல்லை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் சின்னச் சின்ன ஊர் பேங்குகள் எல்லாம் தங்கள் ஊர்ப் பெயரைப் போட்டே நோட்டு வெளியிட்டிருக்கின்றன. குரியன் சார் அவற்றைத் தேடித் தேடி வாங்குவார். "பெரிய சிட்டி பேங்க் நோட்டுக்கு வேல்யூ கம்மி சேச்சி. ஊரு சின்னதா இருக்கணும். பேங்க் சீக்கிரம் பூட்டியிருக்கணும். அப்போ மிஞ்சினது நாலோ அஞ்சோதான்" என்பார். தாள் எவ்வளவு கசங்காமல் இருக்கிறது, ஓரம் கிழிந்திருக்கிறதா, யாராவது பேனாவாலோ பென்சிலாலோ கிறுக்கியிருக்கிறார்களா, இதையெல்லாம் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று கேட்பார்கள்: எந்தக் கையிலிருந்து வந்தது? அதற்கு நல்ல பதில் இருந்தால் தாளுக்கு மதிப்பு கூடும்.

இனி பாக்கியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்கு அவளைத் தெரியாது. இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அஜ்மானில் ஒரு அரபு வீட்டில் இருபது வருடத்துக்கும் மேல் வேலை பார்த்தாள். மாதா மாதம் மகளுக்குப் பணம் அனுப்ப என் கவுண்டருக்குத்தான் வருவாள், பக்கத்துக் கவுண்டர் காலியாக இருந்தாலும் என் வரிசையில்தான் நிற்பாள். அவளுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். ஃபார்ம் நான் எழுதுவேன். தீபாவளிக்கு டப்பாவில் உளுந்து வடை கொண்டுவருவாள். அந்த வீட்டு அம்மாளைப் பற்றித்தான் எப்போதும் பேச்சு. அரபு வீடுகளில் எஜமானி அம்மாளை "மாமா" என்று கூப்பிடுவார்கள். பாக்கியமும் அப்படித்தான் சொல்வாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாமா அவள் பெயருக்கு அர்த்தம் கேட்டாராம். டிரைவர் மொழிபெயர்த்துச் சொன்னதும், "அப்படியானால் நீ பகீத்தா" என்றாராம். அரபியில் அதற்கும் பாக்கியசாலி என்றுதான் பொருள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் பகீத்தா.

நீ பத்தாம் வகுப்புப் படித்த வருடம் மாமா காலமானார். கடைசி எட்டு மாதம் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, திருப்பிப் படுக்கவைத்தது எல்லாம் பாக்கியம்தான். மாமா போன பிறகு மகன்கள் அவள் விசாவை கேன்சல் செய்து டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஊருக்குப் போகும் முன் கடைசியாகப் பணம் அனுப்ப வந்தவள், கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினாள்.

"அக்கா, மாமா சாகுறதுக்கு மொத மாசம் எனக்குத் தந்தாங்க. இது செல்லுமா?"

திறந்து பார்த்தேன். நூறு ரூபாய். நம் ஊர் நூறு ரூபாய்க்கு இல்லாத நிறம். நம்பருக்கு முன்னால் இசட். விலைப்பட்டியல் புத்தகத்தில் படமாக மட்டுமே பார்த்திருந்தேன். எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஒருவரிடமும் அது கிடையாது. வெள்ளையாக விட்டிருந்த வட்டத்தில், பென்சிலால், நடுங்கிய கையெழுத்தில் அரபியில் இரண்டு சொல் எழுதியிருந்தது. அத்தனை வருடம் கவுண்டரில் இருந்ததில் நான் அரபி எழுத்து வாசிக்கப் பழகியிருந்தேன். "இது பகீத்தாவுக்கு." பாக்கியத்துக்கு அரபி பேச வரும், வாசிக்க வராது. அந்தக் கிறுக்கலை அவள் ஏதோ பேங்க் அடையாளம் என்று நினைத்திருக்கிறாள்.

நான் சொன்னேன், "செல்லாது பாக்கியம்."

அது பொய் இல்லை தம்பி. செல்லாதுதான். எந்தக் கடையிலும் எந்த பேங்கிலும் செல்லாது. இதைச் சொல்லிச் சொல்லித்தான் பல வருடம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். ஆனால் அவள் கேட்டது அதையா? இதற்கு ஏதாவது மதிப்பு உண்டா, எனக்கு இதனால் ஏதாவது ஆகுமா என்றுதான் கேட்டாள். அவளுக்குத் தெரிந்த வார்த்தையில் கேட்டாள். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. புரிந்தும் வார்த்தைக்கு மட்டும் பதில் சொன்னேன். நாளைக்கு நிவேதாவும் உன்னிடம் இப்படி எத்தனையோ கேட்பாள். வார்த்தைக்குச் சரியாகப் பதில் சொல்லித் தப்பித்துக்கொள்ள உனக்கும் தெரியும், என் வயிற்றில் பிறந்தவன்தானே. தயவுசெய்து அதைச் செய்யாதே. அவள் என்ன கேட்கிறாள் என்று பார்த்துப் பதில் சொல்.

டீ நேரத்தில் பக்கத்து ஜூஸ் கடைக்கு அவளை அழைத்துப் போனேன். வாடிக்கையாளரிடம் எதையும் தனியாக வாங்கக் கூடாது என்று ஆபீஸில் சட்டம், அதனால் வெளியே. "நான் பழைய தாளெல்லாம் சேத்து வைப்பேன் பாக்கியம். ஒனக்கு வேணாம்னா எனக்குக் குடேன், ஏதாச்சும் தர்றேன்" என்றேன். அவள் கவரை அப்படியே என் கையில் வைத்தாள். "சல்லி என்னத்துக்கு அக்கா? இத்தன வருசம் எனக்கு எழுதித் தந்தீங்க. வச்சுக்கங்க. மாமா ஞாபகமா ஒங்ககிட்ட இருக்கட்டும்" என்றாள். சும்மா கொடுத்தாள். நான்தான் விடாமல் முந்நூறு திர்ஹாமை அவள் பையில் திணித்தேன். அது பெருந்தன்மை இல்லை. சும்மா வாங்கினால் அது அவளுடைய தாளாகவே இருந்துவிடும்; காசு கொடுத்துவிட்டால் என்னுடையது. அதற்காகத்தான். அதன் சந்தை விலை அப்போது என்னுடைய இரண்டு வருடச் சம்பளத்துக்கு மேல்.

உன் படிப்புக்காகச் செய்தேன் என்று எழுதினால் எனக்கு எளிதாக இருக்கும். உன் அப்பாவின் கம்பெனியில் அப்போது ஓவர்டைம் நன்றாக இருந்தது. உன் ஃபீஸுக்கு ஒரு குறையும் இல்லை. அந்தத் தாளை நான் விற்கவும் இல்லை. எனக்குத் தேவை எதுவும் இருக்கவில்லை. ஆசைதான் இருந்தது. அந்த மாடியில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு ஆண்களிடமும் இல்லாத ஒன்று என்னிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து, அப்பா டியூட்டிக்கும் நீ பள்ளிக்கும் போன பிறகு, சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளைத் துணி விரித்து அந்த நோட்டை வைத்தேன். உன் பென்சில் பெட்டியிலிருந்து மென்மையான ரப்பரை எடுத்தேன். எழுத்து இருந்தால் மதிப்புக் குறையும் என்று புத்தகத்தில் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, தாள் கிழியாமல், அரைமணி நேரம். ஒரு சாகப்போகிற மனுஷி படுக்கையில் பென்சிலைப் பிடித்து எழுதிய பெயர் தூளாக உதிர்ந்தது. ஊதிவிட்டேன். அப்போது எனக்குத் துக்கம் எதுவும் வரவில்லை. வேலை சுத்தமாக முடிந்த திருப்திதான் இருந்தது. இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதாவிட்டால் மற்றது எதை எழுதியும் பிரயோஜனம் இல்லை.

வெள்ளிக்கிழமை மாடியில் ஆல்பத்தைத் திறந்ததும் எல்லாரும் நாற்காலியை விட்டு எழுந்துவந்துவிட்டார்கள். குரியன் சார் லென்ஸை எடுத்துக்கொண்டே, "இது எங்கேர்ந்து கிட்டியது சேச்சி?" என்றார். "ஒரு அரபு அம்மா குடுத்தது" என்றேன். "ஆருக்கு? சேச்சிக்கா? எதுக்கு?" என்றார். "கவுண்டர்ல ஃபார்ம் எழுதிக் குடுப்பேன்ல, அதுக்கு" என்றேன். ஒரே ஒரு ஆளை நடுவிலிருந்து எடுத்துவிட்டேன், அவ்வளவுதான். மற்றதெல்லாம் தானாக வளர்ந்தது. அடுத்த வருடம் அல் குசைஸ் பள்ளியில் எங்கள் குழு கண்காட்சி வைத்தபோது அந்தக் கதையை என் பெயர் போட்டு ஒரு சின்னப் புத்தகத்தில் அச்சடித்தார்கள். நீ அன்றைக்கு யூனிஃபார்மோடு வந்து அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றாய். வருகிறவர்களுக்கெல்லாம் இங்கிலீஷில் நீயே விளக்கினாய். "மை மதர்" என்று நீ சொல்லும்போதெல்லாம் உன் நெஞ்சு நிமிர்வதை நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னை ஓரமாக அழைத்துப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ அப்படி என்னைப் பார்த்துப் பெருமைப்பட்டது எனக்குப் பிடித்திருந்தது.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் மறந்திருப்பேனோ என்னவோ. நீ காலேஜ் இரண்டாம் வருடத்தில் இருந்தபோது பாக்கியம் திரும்பி வந்தாள். மாமாவின் மகள் தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவளையே விசா எடுத்து அழைத்திருந்தார். பழையபடி என் வரிசையில் வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. பணம் அனுப்பி முடித்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, அந்தத் தாள் இருக்கா? மாமாட மக கேட்டாங்க. அதுல மாமா கையால என் பேர் எழுதியிருந்திச்சாம். எனக்கு விளங்கல்லையே அப்ப. ஒருக்கா பாத்துட்டுத் தந்துர்றேன்."

தாளைக் கேட்கவில்லை அவள். பார்க்கத்தான் கேட்டாள். தாள் வீட்டில் அலமாரியில் இருந்தது. பெயர்தான் இல்லை. "வீடு மாத்துனோம்ல பாக்கியம், அப்ப எங்கயோ போயிடுச்சு" என்றேன். அவள் முகம் ஒரு கணம் வாடியது. உடனே என்னைத் தேற்ற ஆரம்பித்துவிட்டாள். "பரவால்லக்கா. நீங்க வேணும்னா செஞ்சீங்க? கவலப்படாதீங்க." கண்ணாடியின் அந்தப் பக்கம் நின்று அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள், நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு ஐந்து வருடம் மாதா மாதம் அவளுக்கு ஃபார்ம் எழுதினேன். அவள் பெயரை ஒவ்வொரு மாதமும் என் கையால் எழுதினேன். அவள் வரும் நாளில் லீவு போட்டாலும், அடுத்த நாள் வந்து, "நீங்க இல்லன்னு திரும்பிட்டேன்கா" என்பாள்.

போன மாதம் நீ படம் கேட்டாய். நானூறு பேர் முன்னால், திரையில், அந்தக் கதை. ஆல்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் முதலில் சொன்னேன். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அன்னைக்கு அதோட வெல முந்நூறு திர்ஹாம்தான்னு நீ சொன்னப்ப நான் நம்பல. ஆனா கேக்கல. கேட்டிருக்கணும்" என்றார். பிறகு, "ஃபோன்ல சொல்லாத. நேர்ல போ. நான் கூட வரமாட்டேன், நீ மட்டும் போ" என்றார்.

ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு அஜ்மான் பஸ் ஏறினேன். சாயங்காலம் பிள்ளைகளை அவள் வீட்டுக்குப் பக்கத்துப் பார்க்குக்கு அழைத்து வருவாள் என்று தெரியும். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "என்னக்கா, இங்க? தம்பி கலியாணத்துக்குக் கூப்பிட வந்தீங்களா?" என்றாள். பெஞ்சில் உட்கார்ந்து ஃபைலிலிருந்து நோட்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது உனக்கு எழுதியதைப்போல நீட்டி முழக்கவில்லை. தொலையவில்லை, இதற்கு நிறைய மதிப்பு உண்டு, அன்றைக்கே எனக்குத் தெரியும், உன் பெயரை நான்தான் அழித்தேன், மாமா எனக்குக் கொடுத்ததாக ஊரெல்லாம் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன்.

ஊஞ்சலில் இருந்த சின்னவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அன்னைக்கே வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன்."

"எந்த எடத்துல இருந்திச்சு?"

காட்டினேன். உறைக்கு மேலேயே விரலை வைத்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். அழவில்லை. "மாசா மாசம் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தானே ஃபார்ம் எழுதினீங்க" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை, சும்மா சொன்னாள். என் பையில் பென்சில் இருந்தது. அதே மாதிரி, அதே இடத்தில் எழுதித் தரட்டுமா என்று கேட்டுவிட்டேன். அப்போதுதான் முதன்முதலாக அவள் குரல் மாறியது.

"நீங்க எழுத வேணாம்."

இதை விற்க உதவுகிறேன், நல்ல விலை வாங்கித் தருகிறேன், எனக்கு ஆள் தெரியும் என்றேன். "வேற ஆள்கிட்ட காட்டிக்கிறேன்" என்றாள். சரியான பதில்தான். என்னை நம்பினால்தான் தப்பு. எழுந்து பிள்ளைகளைக் கூப்பிட்டாள். போகும்போது, "அந்த முந்நூற தந்துருவேன். வேணாம்னு சொல்லாதீங்க. காசு குடுத்து வாங்கினேன்னு நீங்க சொல்லக் கூடாது" என்றாள். இந்த மாதம் வந்தாள். என் வரிசையில் நிற்கவில்லை. மூன்றாவது கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம் ஃபார்ம் எழுதச் சொன்னாள், ஒரு கவரைக் கொடுத்து என்னிடம் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனாள். வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் குரியன் சார் ஃபோன் செய்தார். "சேச்சி, ஒரு அரபு லேடியும் அவங்க வீட்ல வேல செய்யற ஸ்ரீலங்கா அம்மாவும் ஒரு நோட்டு கொண்டுவந்திருக்காங்க. அதே நம்பர். சேச்சியோட நோட்டு. இது மோஷணமா?" என்று கேட்டார். திருட்டா என்று கேட்கிறார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் பெயர் போட்ட அந்தச் சின்னப் புத்தகம் சேர்ப்பவர்கள் எல்லாரிடமும் இருக்கிறது. பாக்கியம் யாரிடம் கொண்டுபோனாலும் முதலில் அவளைத்தான் திருடி என்பார்கள். என் பொய் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. "திருட்டுத்தான் சார். திருடினது நான்" என்றேன். அவர், வெள்ளை வட்டத்தில் தாள் மெலிந்திருப்பதை லென்ஸில் பார்த்ததாகவும், ரப்பர் போட்டது பென்சில் எழுத்தைவிட மோசம், அதனால் விலை குறையும் என்றும் சொன்னார். அவரால் அப்படித்தான் பேச முடியும். கடைசியில், "எழுதித் தரணும் சேச்சி. கையெழுத்தோட. இல்லாட்டி அந்த அம்மாவுக்கு இத விக்க முடியாது" என்றார்.

எழுதினேன். நேற்று முன்தினம் அவர் வீட்டு மேசையில், மாமாவின் மகளும் பாக்கியமும் எதிரே உட்கார்ந்திருக்க, இங்கிலீஷில் ஒன்று, அரபியில் ஒன்று. இந்த நோட்டு யாருக்குக் கொடுக்கப்பட்டது, அதில் யார் பெயர் எழுதியிருந்தது, நான் எப்படி வாங்கினேன், எதை அழித்தேன், என்ன கதை சொன்னேன், எல்லாம். கீழே என் முழுப்பெயர், கையெழுத்து, எமிரேட்ஸ் ஐடி நம்பர். மாமாவின் மகள் அரபித் தாளை உரக்க வாசித்தார். பகீத்தா என்ற பெயர் வந்த இடத்தில் பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள். வாசித்து முடித்ததும் என்னை நிமிர்ந்து பார்க்காமலே "சரி" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த நோட்டு இனி எந்த நாட்டுக்கு, யார் ஆல்பத்துக்குப் போனாலும் அந்தத் தாளும் கூடவே போகும். அப்படித்தான் இந்த வழக்கம். விற்கிறவர் கொடுப்பார், வாங்குகிறவர் பத்திரமாக வைப்பார். நான் போன பிறகும் அது இருக்கும். உன் பிள்ளைகள் என்றைக்காவது அவர்கள் பாட்டியின் பெயரைத் தேடினால் அதுதான் அகப்படும். அதனால் யாரோ சொல்லி உனக்குத் தெரியும் முன் நானே சொல்லிவிட நினைத்தேன்.

ரிசப்ஷனில் அந்தக் கதையைச் சொல்லாதே. அந்த நிமிடத்தில் வேறு எதையாவது காட்டு, உன் அப்பாவைக் காட்டு. நிவேதாவிடம் மட்டும் கல்யாணத்துக்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிடு. அவள் அம்மாவிடம் நானே சொல்கிறேன். அவர் பிடித்த கை என் கை, அதை நீ சுமக்க வேண்டாம். "எங்கம்மா ஒருத்திய ஏமாத்திட்டாங்க" என்று சொல்ல உனக்கு வாய் வராவிட்டால் இந்தக் கடிதத்தையே அவளிடம் கொடு. அவளுக்குத் தமிழ் உன்னைவிட நன்றாக வரும், கடகடவென்று படித்துவிடுவாள். படித்து முடிக்கும்வரை நீ குறுக்கே பேசாமல் பக்கத்தில் இரு. அவள் என்னைப் பற்றி என்ன சொன்னாலும் எனக்காக வாதாடாதே.

அம்மா